ஆளுக்கு அறுபது சொல்

ஆளுக்கு அறுபது சொல் என்றார் அச்சகத்துக்காரர்.
மூன்று மடிப்பு, ஐந்து படம்,
மிச்சமுள்ள வெள்ளையில் எங்கள் முன்வாழ்க்கை.
கடைசியாகச் சேர்ந்தவன் நான்,
எழுதுகிற வேலை என் தலையில்.

பழைய கிள்ளான் சாலை,
கார் பேட்டரிக் கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
'மக்கள் தொடர்பு' என்று கதவில் ஒட்டியதில்
'பு' உரிந்துபோய்
மக்கள் தொடர் என்று நிற்கிறது.
மக்களும் தொடர்ந்து வருகிறார்கள்,
பெரும்பாலும் பேட்டரி கேட்டு.

திலகேஸ்வரி, நிர்வாகி.
பதினாறு ஆண்டுகள் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்.
"தெரியாம அடிச்சுப்புட்டேங்க" என்று
கூண்டில் ஒருவன் விம்மியதை
விம்மாமல் மலாயில் சொன்னவர்.
(அந்த 'ங்க'வை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.
அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது என்றார்.
இதை எழுத இடமில்லை.)

ஹோ சியூ லிங், ஊடகத் தொடர்பு.
விமான நிலையத்தில் தாமதங்களை அறிவித்த குரல்.
ஒன்பது ஆண்டுகளில் ஒரு விமானத்திலும் ஏறியதில்லை.
மதியச் சோறு வரப் பிந்தினால்
தவிர்க்க முடியாத காரணங்களுக்காக
எங்களிடம் அவரே வருத்தம் தெரிவிப்பார்.

ரோஸ்லான், படங்கள்.
நாளிதழில் ஆட்குறைப்பு நடந்த வெள்ளிக்கிழமை வரை
பிரமுகர்களின் ஓரத்தில் நின்றவர்களைக்
கத்தரித்துக்கொண்டிருந்தார்.
தோளில் ஒரு கை மட்டும் மிஞ்சும்.
கத்தரிக்கப்பட்டவர்கள் அவர் கணினியில்
தனிக் கோப்பில் இருக்கிறார்கள், நானூற்றுச் சொச்சம் பேர்,
எல்லாரும் சிரித்தபடி.

யுகேந்திரன் காப்புறுதியிலிருந்து வந்தவர்.
எரிந்த கடைக்குள் நுழைந்து முகர்ந்தே சொல்வார்,
மின்கசிவா, மண்ணெண்ணெயா என்று.
இப்போது வாடிக்கையாளர் அறைக்குள் நுழைந்ததும்
அவர் மூக்கைத்தான் நாங்கள் பார்க்கிறோம்.

அடுத்து நான். இங்கே பேனா நின்றுவிட்டது.

போன மாதம் இப்படி நடந்தது:
மேருவில் ஒரு மீகூன் தொழிற்சாலை, கொதிகலன் வெடித்தது.
விடிவதற்குள் அறிக்கை வேண்டும் என்றார் டத்தோ,
'சிறு சம்பவம், சிலர் காயம்'.
யுகேந்திரன் மோட்டார் சைக்கிளில் போய்த் திரும்பினார்.
வால்வைக் கம்பியால் கட்டி வைத்திருக்கிறார்கள், ஒன்பது பேர் என்றார்.
ரோஸ்லான் எடுத்த படத்தில் வாசலில் சிலிப்பர்கள்,
ஒன்றையும் கத்தரிக்கவில்லை.
'சிலர்' என்றே போடுங்களேன், டத்தோ கெஞ்சினார்.

"கூட்டாமல் குறைக்காமல் சொல்வதாகச் சத்தியம் பண்ணினவள் நான்.
வேலையிலிருந்து நின்றதற்குக் கடிதம் உண்டு,
சத்தியத்திலிருந்து நின்றதற்கு
யாரும் கடிதம் தரவில்லையே, டத்தோ."

பொழுது விடிகையில் சியூ லிங் நிருபர்களுக்கு வாசித்தார்.
ஒன்பது பேர்.
தவிர்க்க முடியாத என்ற சொல்லே அதில் இல்லை.

டத்தோ போய்விட்டார். பாக்கியும் கூடவே.

பாக்கி கேட்டு அழைக்கச் சொன்னார்கள் என்னை.
ஆறு ஆண்டுகள் வங்கிக்காகக் கடன் வசூலித்தவன் அல்லவா.
அங்கே என் பெயர் கெவின்.
ஒருநாள் பட்டியலில் என் பெரியப்பா வந்தார்,
நாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு ரிங்கிட்.
குரல் தெரிந்துவிட்டது அவருக்கு,
மூச்சு ஒரு கணம் நின்றதில் எனக்கும் புரிந்தது.
பிறகு சொன்னார்: "சரிங்க சார்."
தீபாவளிக்கு இருவரும் முறுக்கு தின்றோம்,
அதைப் பற்றிப் பேசவில்லை.

"குணாளன் பேசுகிறேன்" என்று இந்த முறை தொடங்கினேன்.
டத்தோ கூட்டத்தில் இருக்கிறாராம்.
மூன்று வாரமாக ஒரே கூட்டம்.

நாலு பேருக்கும் அறுபது அறுபதாக முடித்துவிட்டேன்.
ஐந்தாவது கட்டத்தில் பெயர் மட்டும்,
ஐம்பத்தொன்பது சொல் பாக்கி.
கீழே யாரோ பேட்டரிக்கு விலை பேசுகிறார்கள்.
தொலைபேசி ஒலிக்கிறது, அச்சகத்துக்காரர்,
முன்பணம் எப்போது வரும் என்கிறார்.

"சரிங்க சார்" என்கிறேன்.