கொய்யாவா

பெரிய மார்க்கெட்டில் எடைக்கற்களுக்கு
முத்திரை குத்திக்கொண்டிருந்தேன்.
அஞ்சலாட்சியின் இரண்டு கிலோ கல்லில்
நாற்பது கிராம் குறைச்சல்.
எழுதட்டுமா விடட்டுமா என்று பேனா நின்ற நேரம்
ஒருத்தி வந்தாள், கியூபாக்காரி,
கூடையைத் தொட்டுச் சொன்னாள்:
“குவயாவா.”

கேள்வி என்றே எடுத்துக்கொண்டாள் அஞ்சலாட்சி.
“கொய்யாதாம்மா. வேற என்னான்ற?”
“குவயாவா.” இன்னும் மெதுவாக.
“அட, கொய்யாதான்றேன்!”
மூன்றாம் முறை இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கொய்வதால் கொய்யா என்று
பள்ளியில் எழுதி மார்க் வாங்கியவன் நான்.
இல்லையாம்.
அரைகுறைத் தமிழில் அவள் சொன்னாள்:
ஸ்பானியர் இறங்குமுன்
அவள் தீவில் இருந்தவர்கள் வைத்த பெயராம்.
வந்தவர்கள் பழத்தின் பெயர் கேட்டார்கள்,
ஆற்றின் பெயர் கேட்டார்கள்,
பிறகு பொன் இருக்கும் இடம் கேட்டார்கள்.
அந்தப் பேச்சில் இன்று
விலை பேசிச் சண்டை போட ஆளில்லை.

பப்பாளியும் அங்கிருந்துதானாம்.
அதை மட்டும் விரலால் காட்டினாள்;
அவள் ஊரில் அது கெட்ட வார்த்தை.

யார் கப்பலிலோ ஏறி
எந்தக் கரையிலோ வால் நறுக்கப்பட்டு
இங்கே வந்து
மிளகாய்த்தூள் தடவிக்கொண்ட சொல்.
கொய்யா.
இலக்கணம் தெரிந்தவன் பிரித்தால்
யாரும் இன்னும் கொய்யாதது
என்றும் வரும்.

இரண்டு கிலோ நிறுத்தாள் அஞ்சலாட்சி.
முள் நின்ற பிறகு
என்னை ஒரு பார்வை பார்த்தாள்.
சின்னதாக ஒன்றை
மேலே போட்டாள்.