நடுவில் இருந்த வரி

முதலில் கேபிளைத்தான் திட்டினேன்.
பிஷ்கெக் சந்தையில் பேரம் பேசி வாங்கியது.
நீல உறை, உள்ளே ஒரு பச்சை விளக்கு.
ஒரு முனை யுஎஸ்பி, மறுமுனை ஒன்பது ஊசி,
நடுவில் இருப்பது நம்பிக்கை.

கூரைக் கம்பத்தில் பனி அளக்கும் கருவி
பத்து நிமிடத்துக்கு ஒரு முறை
ஒரே ஓர் எண்ணைச் சொல்லும்.
அதைக் கேட்டுத்தான் கணவாயின் அடியில்
தடுப்புக் கட்டையைத் தூக்குவார் சகின்பெக்.
காலையிலிருந்து எண் இல்லை.
கட்டைக்கு அப்பால் நாற்பது லாரிகள்,
ஆடு ஏற்றிய வண்டி ஒன்று,
மணப்பெண்ணோடு ஒரு மினிபஸ்.
"பெகாயிம், வந்ததா?" என்கிறது வாக்கிடாக்கி,
பிரசவ அறைக்கு வெளியே நிற்கும் குரலில்.

செருகினேன்.
வந்தாயிற்று என்றது கர்னல்.
மூச்சு விடுவதற்குள்
போயாயிற்று என்றது.

வேறு துளை. அதே கதை.
டிரைவரை இறக்கி ஏற்றினேன்.
அனுமதிதான் இல்லையோ என்று
என் பெயரை இன்னொரு குழுவில் சேர்த்து
வெளியே போய் உள்ளே வந்தேன்.
முனையை வாயால் ஊதினேன்.
ஏன் என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஊதுகிறோம்.
அடுப்பில் நிலக்கரி சாம்பலானது.
உப்புத் தேநீர் மேல் ஆடை கட்டியது.
கடன் கொடுத்தவனைக் கண்டவன் மாதிரி
அடாப்டர் வாசலில் தலைகாட்டி மறைந்தது.

"வந்ததா?"

இல்லை.

பத்தாவது முறை
லாக்கை விரல் வைத்துப் படித்தேன்.
வந்ததற்கும் போனதற்கும் நடுவே
இன்னொரு வரி இருந்தது.
ஒன்பது முறை பார்த்தும் படிக்காத வரி.
எடுத்துக்கொண்டது யார் என்று அதில்
பெயரோடு எழுதியிருந்தது.

திருடன் இல்லை.
பார்வையில்லாதவர்களுக்காக யாரோ எழுதிய நிரல்.
கணினி விழித்த நொடியிலிருந்து
ஒரு பிரெயில் பலகைக்காகக் காத்திருப்பது.
என் மலிவுக் கேபிளின் சில்லும்
எங்கோ ஒரு பிரெயில் பலகையின் சில்லும்
ஒரே அடையாள எண்ணைச் சொல்கின்றன.
அவ்வளவுதான் குற்றம்.
நான் செருகும்போதெல்லாம் அது ஓடிவந்து
வந்துவிட்டீர்களா என்று
கையைப் பிடித்திருக்கிறது.
பனிக்கருவிக்குப் புள்ளிப் புள்ளியாய்
எழுத்து நீட்டியிருக்கிறது.
கருவி என்ன சொல்லும், பாவம்.

நீக்கிவிடு, எல்லோரும் சொல்லும் வைத்தியம்.
ஒரே கட்டளை. அடித்தும்விட்டேன்.
என்டர் மேல் விரல் நின்றது.

பக்கத்து அறையில் உல்கான் தூங்குகிறாள்.
எட்டு மணிக்கு இதே நாற்காலி, இதே கணினி.
இழுப்பறையில் கம்பளித் துணிக்குள் அவள் பலகை.
நான் போர்வைக்குள் போன பிறகு
இந்த மலையைப் படிப்பது
அவளுடைய எட்டு விரல்கள்.

அடித்ததை ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன்.
விதிகள் இருக்கும் கோப்பைத் திறந்தேன்.
முந்நூறு வரிகள்.
அவள் பலகையின் எண் ஓரிடம், என் கேபிளுடையது வேறிடம்.
என்னுடையதற்கு முன்னால்
ஒரு ஹேஷ் குறி.
அவளுடையதைத் தொடவில்லை.
தொடவில்லையா என்று இரண்டு தரம் சரிபார்த்தேன்.

செருகினேன்.
வந்தாயிற்று.
அடுத்த வரிக்காகக் காத்திருந்தேன்.
அடுத்த வரி வரவில்லை.
இவ்வளவு நல்ல மௌனத்தை
அண்மையில் நான் கேட்டதில்லை.

பிறகு எண்:
இருநூற்று எண்பத்தேழு.

"சகின்பெக், வந்துவிட்டது."
"திறக்கட்டுமா?"
"கூடாது. ரொம்ப அதிகம்."
நாள் முழுக்கப் போராடி
நான் சம்பாதித்துக் கொடுத்தது ஒரு கூடாது.
அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பின்னால் மினிபஸ்ஸில் யாரோ
அக்கார்டியனைப் பிரித்தார்கள்.

எட்டு மணி. உல்கான்
கொட்டாவியோடு பலகையைச் செருகினாள்.
ஊசிகள் எழுந்தன.
நிரல் அவளை அடையாளம் கண்டுகொண்டது.
"இருநூற்றுத் தொண்ணூறு" என்றாள்,
திரையை நான் பார்ப்பதற்கு முன்.
"ஏறுகிறது. நீ போய்த் தூங்கு.
நாற்காலியை ஏன் இவ்வளவு சூடாக்கி வைத்திருக்கிறாய்?"