தானே அணைந்தது

ஐந்து கிராம் மஞ்சள்.
எலுமிச்சைத் தோல் இல்லை, மஞ்சள்தூளும் இல்லை.
மழைக்கு முந்தி கெலுகோர் மேட்டில்
ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் போகுமே ஒரு வெளிச்சம்,
அந்த நிறம்.
புட்டியின் சீட்டில் தியோவின் கோழிக் கிறுக்கல்:
இரும்பு ஆக்சலேட்.

பதிவேட்டில் என் பெயர் எழுதுகிறேன்.
கட்டம் சிறியது.
மங்களேஸ் வரைக்கும்தான் இடம்.
வரி வெளியே நிற்கும்.

நேற்றைய ஓட்டம் வீண்.
நைட்ரஜன் உருளை பிறையிலிருந்து வரவேண்டும்,
பாலத்தில் லாரி கவிழ்ந்து நெரிசல்.
மிச்சமிருந்ததைக் கஞ்சத்தனமாய்த் திறந்துவைத்தேன்.
ஏதோ ஒரு ரப்பர் இடுக்கில் காற்று நுழைந்துவிட்டது.
விடிந்து பார்த்தால் குழாய்க்குள் செங்கல் பொடி.
"இரண்டே கால் கிராம் வருகிறது,
இரண்டு என்றே எழுதிவிடலாமா அக்கா?"
அந்தக் கால் கிராம் காற்று, தியோ.
காற்றையும் நிறுத்திருக்கிறோம். எழுது.

இன்று உருளை புதிது.
நூற்றெண்பதில் நீர் கிளம்புகிறது.
குழாயின் குளிர்ந்த முனையில்
வியர்வையாய்க் கோத்து,
செருப்பைத் தேடும் விருந்தாளிபோல்
வாசலில் கொஞ்சம் தயங்கி
போய்விடுகிறது.
ஐந்து நான்காகிறது.

பிறகு எதுவும் நடப்பதில்லை.
இருநூற்றைம்பது. முன்னூறு.
கோப்பி ஓ ஆறி ஆடை கட்டுகிறது.
இரும்பு பிடித்த கையும்
சிரங்கு பிடித்த கையும் சும்மா இராதாம்.
நான் சும்மா இருக்கிறேன்.
அதற்குத்தான் சம்பளம், இரவுப்படி தனி.

முன்னூற்றைம்பது தாண்டியதும் பிடி தளர்கிறது.
ஒரே கதவால் இரண்டு வாயுக்கள் போகின்றன.
ஒன்று நாம் விடும் மூச்சு.
மற்றது, பூட்டிய காருக்குள் தூங்குகிறவனை
எழுப்பாமலே கொண்டுபோவது.
உறிஞ்சியை முழு வேகத்தில் வைக்கிறேன்.
மஞ்சள் பழுப்பாகி, பழுப்பு கறுப்பாகி,
குழாய்க்குள் பூனை சுருண்டதுபோல் கிடக்கிறது.

ஆறவிட்டு, மூடியோடு நிறுத்து, மூடியைக் கழித்தால்
இரண்டு கிராமுக்கு இம்மி குறைவு.
அத்தனையும் வெளியேறிய பின்
மிஞ்சிய இரும்புக்கு எல்லாப் பக்கமும் திறந்த பக்கம்.
போனவை இருந்த இடமெல்லாம் பசி.

விதிப்படி மூடி திறக்காமல் ஒப்படைக்க வேண்டும்.
அந்த விதியைச் சுவரில் ஒட்டியவளும் நான்தான்.
கண்ணாடி போட்டுக்கொள் என்றேன் தியோவிடம்.
விளக்கை அணைத்தேன்.
தோள் உயரத்திலிருந்து பீங்கான் தட்டை நோக்கி
மெல்லச் சாய்த்தேன்.

பாதி வழியில் பற்றிக்கொண்டது.
தீக்குச்சி இல்லை, உரசல் இல்லை,
காற்றைத் தவிர யாரும் தொடவில்லை.
ஆரஞ்சுப் பொறிகள், துளி ஓசையின்றி,
விழவேண்டிய அவசரம்கூட இல்லாமல்.
தியோ ஹொக்கியனில் ஒரு வார்த்தை சொன்னான்,
அவன் அம்மா கேட்டிருந்தால் அறைந்திருப்பாள்.

கதவுக் கண்ணாடிக்கு அப்பால் காவலர் தமாங்,
கையில் தீயணைப்பான்,
ஊசியை இன்னும் இழுக்கவில்லை.
தட்டு சிவந்து, மங்கி, துருவாகும்வரை
மூவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.
பிறகு அவர் தன் நோட்டில் எழுதினார்.
எட்டிப்பார்த்தேன்:
3.40. ஆய்வகம் இரண்டு. சிறு நெருப்பு.
தானே அணைந்தது.

தரையில் சிந்தியது கறையாய் நின்றது.
ஆக்சாலிக் அமிலம் தெளித்துத் துடைத்தேன்.
வாளியில் பச்சையா மஞ்சளா என்று
முடிவெடுக்காத நீர்.
கொட்ட மறந்து ஜன்னலோரம் விட்டுவிட்டேன்.

இரண்டு நாள் வெயில் குடித்து
புதன்கிழமை அடியில் படிந்திருந்தது
அதே மஞ்சள்.
வடிகட்டி, உலர்த்தி, நிறுத்தேன்.
எட்டு மில்லிகிராம்.

இதற்கென்று பதிவேட்டில் கட்டம் ஏதும் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்,
என் வரி நிற்கிற இடத்தில்.