மை படாத கல்

துவான் ஆற்றுப் பாறையில்
பிறவியிலேயே ஒரு கண்.
உளிக்காரர் அதைத் தொடவில்லை.
சுற்றிலும் மேகம் செதுக்கி
நிலவென்று விட்டுவிட்டார்.

யாங்சோவில் சந்தனப் பேழைக்குள்
பதினேழு ஆண்டு.
விருந்தாளிகள் கல்மேல் மூச்சு விடுவார்கள்,
ஈரம் பூப்பதைப் பார்த்துத் தலையசைப்பார்கள்.
மை மட்டும் படக் கூடாது;
செல்வர் ருவான் கண்டிப்பானவர்.

மழை விடாத ஓர் இரவு
தன் மைக்கல் விரிசல் விட்டதால்
கணக்கன் பியான் ஹே
பேழையைத் திறந்தான்.
சத்தமே இல்லாமல் இழைந்தது மை.
ஊருக்கு எழுதினான்:
'சினைப்பன்றியை விற்காதே.
கூரைக்குக் காசு அனுப்புகிறேன்.
இருமல் எப்படி?'

கழுவினான். மூன்று முறை.

மறுமாதம் மேகமடிப்பில்
மயிரிழைக் கறுப்பு கண்டு
'காலம் பூசிய நிறம்' என்று
வியந்துகொண்டிருந்தார் ருவான்.
விளக்குப் பிடித்து நின்ற பியான் ஹே
நிலவைப் பார்க்கவில்லை.
அது பார்த்துக்கொண்டிருந்தது.