குரங்கை விரட்டும் அடி

கோத்தகிரி. பழைய தேயிலைக் கிட்டங்கியில் தாய்ச்சி வகுப்பு.
ஆறரை மணி. சிமென்ட் தரையில் ஈரம்.
"பாதத்தின் கீழே முட்டை இருப்பதாக நினையுங்கள்" என்கிறேன்.
"அவிச்சதா, பச்சையா?" என்கிறான்
ஒன்பது வயது ரெனால்ட்.

கெப்பி அக்காவுக்கு இடது முட்டி மடங்காது.
பானுவுக்குக் காது கேளாது;
என் வாயைப் பார்க்கமாட்டாள், தோளைப் பார்ப்பாள்,
நான் மூச்சைத் தவறவிட்டால் அவளும் தவறவிடுவாள்.
துரைசிங்கம் சக்கர நாற்காலியில்.
அவர் மணிக்கட்டு திரும்பும்போது மட்டும்
எனக்குப் பொறாமை.

இந்த அடிக்குப் பெயர் குரங்கை விரட்டுதல்:
பின்னால் போய்க்கொண்டே முன்னால் தள்ளுவது.
சொன்னதும் சிரிப்பு.
இந்த ஊரில் குரங்கு விரட்டச் சொல்லித்தர
குன்னூரிலிருந்து ஒருத்தி பஸ் ஏறி வரணுமா?

நேற்று
கதவை அடைத்துக்கொண்டு நின்றது
குரங்கு இல்லை,
காட்டெருமை.
முதுகிலிருந்து பனி புகைந்தது.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
தொண்டையில் எச்சிலே இல்லை.
ரெனால்ட்தான் முதலில்
எடையைப் பின்காலுக்கு மாற்றினான்.
பிறகு பானு.
பிறகு கெப்பி அக்கா, மடங்காத முட்டியோடு,
நாற்காலியை ஒரு கையால் இழுத்தபடி.
சக்கரம் ஒருமுறை கிறீச்சிட்டது,
காது ஒன்று எங்கள் பக்கம் திரும்பியது,
நின்றோம்.
மறுபடி நகர்ந்தோம்,
பின்சுவரின் குளிர் முதுகில் படும்வரை
ஐந்து பேர்,
ஒரு முட்டையும் உடையாமல்.

வாசலில் கழற்றிவைத்த செருப்புகளை
ஒவ்வொன்றாக மோந்து பார்த்தது.
ரெனால்டின் ஷூவில் கூடுதல் நேரம்.
பிறகு சரிவில் இறங்கிப் போய்விட்டது.

"வலது கை ரொம்பத் தாழ்ந்திருந்திச்சு"
என்றார் துரைசிங்கம்.
என் கையைத்தான்.