நவம்பரில் கலந்த பச்சை

ட்ரோம்சோவில் பெயின்ட் கடை வைத்திருப்பவன்
நவம்பர் கடைசியில் யாருக்கும் நிறம் விற்கக் கூடாது.
விற்கிறேன். வாடகை இருக்கிறது.

சிஸ்ஸல் வந்தபோது பகல் இரண்டு மணி.
தெரு முழுக்க மைப்புட்டி கவிழ்ந்த நீலம்.
கோட்டுக்குள்ளிருந்து ஒரு சோபா உறையை எடுத்தாள்:
கடுகு மஞ்சள், ஓரத்தில் காபிக் கறை.
"இதோடு சேர வேண்டும்.
சோபாவை மாற்ற மாட்டேன்.
மற்ற எதை வேண்டுமானாலும் மாற்று."

பின்னால் ஒட்வார்
கையுறையைக் கழற்றாமல் நின்றான்.
சிவப்பும் பச்சையும் இவனுக்கு ஒன்று என்றாள்,
சர்க்கரை வியாதி இருக்கிறது என்பதுபோல.

அட்டைகளை மேசையில் பரப்பினேன்.
சுவருக்குப் பாசிப் பச்சை எடுத்தாள்.
கதவுச் சட்டத்துக்கு அரக்குச் சிவப்பு.
துணிச்சலான ஜோடி. மஞ்சளோடு நன்றாகவே நின்றது.
ஒட்வார் குனிந்து பார்த்தான்.
"கதவு எங்கே?"
"இதோ, சிவப்பு."
"எது சிவப்பு?
ராத்திரி எழுந்து சுவரில் முட்டிக்கொள்வேன்."

சிரிக்க வாயெடுத்துவிட்டேன்.
பிறகு போனில் படமெடுத்து
நிறத்தையெல்லாம் உருவிப் பார்த்தால்
இரண்டும் ஒரே சாம்பல்.
இருபத்திரண்டு வருடமாகக் கலக்கிறேன்.
ஒருமுறைகூட உருவிப் பார்த்ததில்லை.

ஒட்வார் அப்போதுதான் கையுறையைக் கழற்றினான்.
துறைமுகத்தில் காட் மீனை எடை பார்த்துப் பிரித்த கை.
ஐம்பது அட்டையையும்
வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு
ஒரே வரிசையில் அடுக்கினான்.
ரோஜாவுக்குப் பக்கத்தில் புல்,
புல்லுக்குப் பக்கத்தில் ஈயம்.
எங்கேயும் பிசகில்லை.

அதற்குப் பிறகு நான்கு தடவை வந்தார்கள்.
எந்த நிறம் என்பது அவள் பாடு,
எத்தனை ஆழம் என்பது அவன் பாடு.
இடையில் ஒருநாள் பேசாமல் வந்து
பேசாமல் போனார்கள்.
கடைசியில்: சுவருக்கு அதே பாசி, இரண்டு படி கீழே.
சட்டத்துக்கு வெளிறிய செங்கல்.
கூரைக்கு வெள்ளை, அதில் ஒரு துளி மஞ்சள்.
இந்த ஊர் இருட்டில் சுத்த வெள்ளை
ஆஸ்பத்திரியை நினைவுபடுத்தும்.

டின்களை நானே கொண்டுபோனேன்.
அவள் தபால்பெட்டியில் பித்தளை எழுத்தில் அவள் பெயர்.
கீழே டேப்பில், பேனாவால், அவன் பெயர்.
டேப் இன்னும் பளபளத்தது.

ஜனவரி இருபத்தொன்று.
மலைக்கு மேல் சூரியன் தலைகாட்டும் நாள்.
எல்லாரும் ஜாம் வைத்த பணியாரமும் கையுமாக ரோட்டில்.
போன் அடித்தது.
"நீ கொடுத்தது இந்த நிறமில்லை" என்றாள் சிஸ்ஸல்.

அவள் சொன்னது சரி.
தெற்கு ஜன்னலில் விழுந்த வெயிலில்
விளக்கடியில் அடக்கமாக இருந்த பாசி
கொழுந்து மாதிரி கத்திக்கொண்டிருந்தது.
பக்கத்தில் பாவம் அந்த சோபா,
துவைக்காத துணி.
இரண்டு மாதம் மஞ்சள் பல்புக்குக் கீழே
மூன்று பேரும் எதைத்தான் பார்த்தோம்?

ஒட்வார் அந்த சோபாவிலேயே உட்கார்ந்து
பணியாரம் தின்றுகொண்டிருந்தான்.
"எனக்கு நேற்று மாதிரியேதான் இருக்கிறது."
"உனக்கு இருக்கும்" என்றாள்.
கோபம்தான். ஆனாலும் போய்
அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்,
சுவரை அங்கிருந்து பார்க்க.

ஏழு நிமிடம்.
மலை சூரியனை வாங்கிக்கொண்டது.
சுவர் படிப்படியாக நவம்பருக்குத் திரும்பியது.
யாரும் விளக்கைப் போடவில்லை.

"நாளைக்கும் வரும்" என்றாள் சிஸ்ஸல்.
"நாளைக்கு இன்னும் கொஞ்ச நேரம்.
பார்த்துவிட்டுச் சொல்கிறேன்."

அட்டைக் கட்டைப் பிரிக்காமலே
பையில் போட்டுக்கொண்டேன்.
எனக்கும் ஒரு பணியாரம் கொடுத்தாள்.
ஷூ மாட்டும்போது சுவரில் கை ஊன்றியிருக்கிறேன்.

"அங்கே" என்றான் ஒட்வார்,
"சர்க்கரை. உன் கட்டைவிரல்."

நானும் அவளும் குனிந்து குனிந்து தேடினோம்.
எங்களுக்குத் தெரியவில்லை.