பீரோவின் மூன்றாம் தட்டு

பெரம்பூர் வீட்டைக் காலி செய்கிறோம்.
மூர்மார்க்கெட்டில் அப்பா பேரம் பேசி வாங்கிய பீரோ.
மூன்றாம் தட்டில்
ரசகற்பூர உருண்டைக்கு அடியில் விரிந்திருக்கிறது
1957 அக்டோபர் ஒன்பது,
ஹேவிளம்பி, புரட்டாசி, புதன்கிழமை.
நான் பிறக்கவில்லை.

விலை ஆறு நயா பைசா.
ஏப்ரலுக்கு முன்னால் ஓரணா.
கணக்குப்படி ஆறேகால் வரவேண்டும்.
அந்தக் கால் பைசாவுக்கு
எத்தனை பெட்டிக்கடையில் சண்டையோ.

முதல் பக்கத்தில் ருஷ்யாக்காரனின் செயற்கைச் சந்திரன்.
தொண்ணூற்றாறு நிமிஷத்துக்கு ஒருதரம்
பூமியைச் சுற்றி வருகிறதாம்.
நடுவில் ஓர் ஓட்டை.
பின்பக்கத்துச் சினிமா விளம்பரத்திலிருந்து
ஒரு நடிகையை
யாரோ பிளேடால் அறுத்து எடுத்திருக்கிறார்கள்.
கொண்டை, கழுத்து, ஜிமிக்கி கூடப் பிசகவில்லை.
‘விஞ்ஞானிகள் கருத்துப்படி’ என்று கிளம்பிய வாக்கியம்
அவள் காதோரம் விழுந்துவிடுகிறது.

மிச்ச விளம்பரம் அப்படியே இருக்கிறது:
ஐம்பதாவது நாள், பெண்களுக்குத் தனிக் கவுண்டர்.
ஃப்ளூ போயும் போகாத அசதிக்கு டானிக்.
அதற்கும் கீழே, பொடி எழுத்தில்

*தெய்வசிகாமணி, எங்கிருந்தாலும் வா.
கோடம்பாக்கம் முழுக்கத் தேடிவிட்டோம்.
சைக்கிளை விற்றதை யாரும் கேட்கமாட்டோம்.
சுருள்முடி வைத்துக்கொள்.
— வரதம்மாள், சூளை.*

செல்போனில் தேடினேன்.
அந்தச் சந்திரன்
மூன்றே மாதத்தில் எரிந்து போயிற்றாம்.

வண்டிக்காரர் கீழே ஹாரன் அடிக்கிறார்.
அவசரமாக நாலாம் தட்டின் தாளை உருவினேன்,
சிகாமணி வந்தானா என்று.
அங்கே 1962.
எல்லோரும் எல்லையைப் பற்றியே
பேசிக்கொண்டிருந்தார்கள்.